காலையில் 58, ஆஸ்பத்திரியில் 78: இரண்டும் சரிதான்

காலையில் கண் விழித்ததும் கைப்பட்டை காட்டுகிற ‘ஓய்வுநிலை இதயத் துடிப்பு’ 58. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதே மணிக்கட்டைப் பிடித்து எண்ணிச் சீட்டில் எழுதுவது 78. நடுவில் நடந்தது ஒரு காபி, ஒரு டவுன் பஸ் பயணம், முக்கால் மணி நேரக் காத்திருப்பு. பட்டை பொய் சொல்கிறதா, நர்ஸ் தப்பாக எண்ணிவிட்டாரா என்று மருத்துவரின் மேஜைமீது கைபேசியை வைத்துக் கேட்பவர்கள் இப்போது நிறைய. அநேகமாக இரண்டுமே சரி. ஒரே ஆளின் இதயம், இரண்டு வெவ்வேறு நேரங்களில், இரண்டு வெவ்வேறு நிலைகளில் எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் ஒட்டப்பட்டிருப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஸ்மார்ட்வாட்ச், கைப்பட்டை, மோதிரம் ஆகியவற்றின் துல்லியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்சாரைச் சுற்றியே வருகிறது. சென்சார் மோசமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற அல்லது தூங்குகிற ஆளின் துடிப்பை எண்ணுவதில் நல்ல கருவிகள் நம்பத் தகுந்தவையே. கோளாறு, எண்ணி முடித்த பிறகு போடப்படும் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு என்ன என்று பணம் கொடுத்து வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் நம் நாட்டில் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினால் பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் ரத்தம் சற்றுக் கூடுகிறது. அந்த நொடியில் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம் திரும்பும் மொத்த ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், மணிக்கட்டில் அதைவிடவும் குறையலாம். அந்தச் சிறு அலையைப் பிடித்து எண்ணுவதுதான் சென்சாரின் வேலை. யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937-38 வாக்கிலேயே ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே குடும்பம்தான். கரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்த கருவி.

ஈசிஜி வேறு வகை. அது இதயத்தின் மின்சாரத்தைப் பிடிக்கிறது. நெஞ்சில் கட்டும் பட்டையும் அப்படியே. பச்சை விளக்கோ அந்த மின்சாரத்தால் இதயம் சுருங்கி, ரத்தம் தள்ளப்பட்டு, மணிக்கட்டு வரை வந்து சேர்ந்த அலையைத்தான் பார்க்கிறது. இதயம் அடிப்பதும் நாடி வந்து சேர்வதும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இது பின்னால் உதவும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-ல் 60 பேரை வைத்து ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. அதே சோதனையில், எரிந்த கலோரியைக் கணிப்பதில் ஏழும் தோற்றன; இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. (நடந்துவிட்டு வந்து, கடிகாரம் காட்டிய கலோரியை நம்பி இரண்டு மெதுவடை சாப்பிடுகிறவர்கள் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.) அதே ஆண்டில் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் 50 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, நெஞ்சுப்பட்டை ஈசிஜியோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போவதையும், மணிக்கட்டுக் கருவிகள் பின்தங்குவதையும் கண்டார்கள். ஓய்வில் நன்றாக எண்ணியவை, வேகம் கூடக்கூடத் தடுமாறின. டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் 53 பேரிடம் செய்த சோதனையில், உடல் அசையும்போது பிழை ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியது.

ஆக, மூன்று ஆய்வும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன. அசையாத கையில் பச்சை விளக்கு சொல்வதை ஏற்கலாம். ஓட்டத்தின்போது அது காட்டும் 168, சில சமயம் இதயத்தின் துடிப்பாக இல்லாமல் காலடியின் தாளமாகவே இருக்கும். கை வீசும் வேகத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். அமெரிக்காவில் 2016 ஜனவரியில் ஃபிட்பிட் மீது வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு இந்த ஓட்டக் கணக்கைப் பற்றியதுதான். ஒவ்வொரு துடிப்பும் கணக்கில் வரும் என்கிற தொனியில் விளம்பரம் செய்துவிட்டு, கடும் உடற்பயிற்சியின்போது தப்பான எண்ணைக் காட்டுகிறது என்பது புகார். நிறுவனம் புகாரை மறுத்தது. இவை அறிவியல் கருவியாகவோ மருத்துவக் கருவியாகவோ இருக்கும் நோக்கத்தில் செய்யப்பட்டவை அல்ல என்றும் சொன்னது. விளம்பரத்தில் ஒரு குரல், வழக்கு என்றால் வேறு குரல். இந்தத் துறையின் வழக்கமே இதுதான்.

2019-ல் சீனாவின் வெய்போ தளத்தில் ஒரு வேடிக்கை பரவியது. கழிவறைக் காகிதச் சுருளில் கைப்பட்டையைக் கட்டினால் அதற்கும் இதயத் துடிப்பு காட்டுகிறது என்று ஆளாளுக்குப் படம் போட்டார்கள். அது கட்டுக்கதையாக இருக்குமோ என்று நான் சமையலறையிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்து, மலிவுவிலைப் பட்டை ஒன்றை அதில் கட்டிப் பார்த்தேன். சிறிது நேரம் கோடு மட்டும் ஓடியது. பிறகு எழுபதுகளில் ஓர் எண் வந்தது. மேஜையை லேசாகத் தட்டினால் எண் ஏறியது. டியூப்லைட்டை அணைத்ததும் மறைந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. வாழைக்காய்க்கு மருத்துவ ரீதியாக ஒரு குறையும் இல்லை; செயலி பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்றே எழுதிக் காட்டியது.

இதை வைத்துப் பட்டை சும்மா ஏதோ எண்ணை இட்டுக்கட்டுகிறது என்று முடிவுகட்டுவது தவறு. திரும்பி வரும் ஒளியில் திரும்பத் திரும்ப நிகழும் அசைவு எங்காவது இருக்கிறதா என்று தேடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. மனிதக் கையில் அந்த அசைவு ரத்தத்தால் வருகிறது. வாழைக்காயில் ரத்தம் இல்லை; விளக்கின் நடுக்கம், மேஜையின் அதிர்வு, சென்சாரின் சொந்த இரைச்சல் ஆகியவை மட்டும் இருக்கின்றன. நல்ல கருவி ‘எனக்குச் சமிக்ஞை போதவில்லை’ என்று சொல்லி எண்ணைக் காட்டாமல் விடும். மோசமான கருவி எதையாவது காட்டிவிடும். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில் விலை வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டபோது, “உள்ளே எல்லாம் ஒரே சென்சார்தான் சார், பேருக்குத்தான் காசு” என்றார் கடைக்காரர். சென்சாரைப் பற்றி அவர் சொன்னது பாதிக்கு மேல் சரியாகவே இருக்கலாம். காசு போவது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று தெரிந்த மென்பொருளுக்கு.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். ஓய்வுநிலைத் துடிப்பு என்று திரையில் வரும் எண்ணை எந்த நிறுவனமும் நேரடியாக எண்ணுவதில்லை. நாள் முழுக்க எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளிலிருந்து அவரவர் விதிப்படி வடித்தெடுக்கிறார்கள். ஆப்பிள் தன் கணக்கில் தூக்கத்தின்போது கிடைக்கும் மிகத் தாழ்ந்த அளவுகளைத் தள்ளிவிடுகிறது. விழித்திருந்து அசையாமல் இருக்கும்போது கிடைப்பவற்றை வைத்து மதிப்பிடுகிறது. காலையில் விழித்ததும் படுக்கையிலிருந்து எழும் முன் நீங்களே எண்ணினால் என்ன வருமோ அதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கார்மின் 24 மணி நேரத்தில் மிகத் தாழ்ந்த அரைமணி நேரச் சராசரியை எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் நடுநிசித் தூக்கத்தில்தான் கிடைக்கும். ஔரா மோதிரம் இரவுத் தூக்கத்தையே நம்பியிருக்கிறது. ஃபிட்பிட் விழிப்பையும் தூக்கத்தையும் கலக்கிறது.

இந்த நான்கையும் ஒரே ஆள் ஒரே இரவில் அணிந்தால் நான்கு எண் வரும். தூங்கும்போது இதயம் நிதானமாக அடிப்பதால், தூக்கத்தை எடுத்துக்கொள்ளும் கருவி கீழே நிற்கும். விழிப்பை எடுத்துக்கொள்ளும் கருவி மேலே நிற்கும். எதிலும் சென்சார் பிழை இல்லை. ‘என் கடிகாரத்தை மாற்றியதும் எனக்கு ஆறு துடிப்பு குறைந்துவிட்டது, வாக்கிங் வேலை செய்கிறது’ என்று மகிழ்கிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்களுக்குக் குறைந்தது துடிப்பல்ல, வாய்பாடு மாறியிருக்கிறது.

பெயர் தெரிந்த நிறுவனங்களாவது தேடினால் எங்கோ ஒரு பக்கத்தில் தங்கள் விதியை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்கிற கடிகாரங்களில் பலவற்றின் பெட்டியிலும் கையேட்டிலும் அதுவும் கிடையாது. பேட்டரி மிச்சப்பட வேண்டும் என்று சில கருவிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அரைமணிக்கு ஒருமுறைதான் விளக்கையே எரிய விடுகின்றன. ‘ஏழு நாள் பேட்டரி’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

சரி, ஆஸ்பத்திரிக் கணக்கு அப்பழுக்கில்லாததா? கூட்டம் அலைமோதும் வெளிநோயாளிப் பிரிவில் நர்ஸ் முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவார். நடுவே ஒரு துடிப்பு விட்டுப் போனால் சீட்டில் நான்கு குறையும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் இரண்டு குறையும். இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யவைத்து, அதைப் பற்றி 1707-ல் புத்தகமும் எழுதினார். முன்னூறு ஆண்டு கழித்தும் அந்த ஒரு நிமிடம் நமக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஈசிஜி மானிட்டர்களுக்கு வகுத்திருந்த தரநிர்ணயமும் 10 சதவீதம் அல்லது 5 துடிப்பு, இதில் எது அதிகமோ அதுவரை பிழையை அனுமதித்தது. 70 என்று காட்டினால் 63 ஆகவோ 77 ஆகவோ இருக்கலாம். துல்லியம் பற்றிப் பேசும்போது இந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டால், நேற்று 62, இன்று 64 என்று பதறுவது குறையும்.

அதோடு ஆஸ்பத்திரி நாற்காலி ஓய்வான இடமும் அல்ல. மருத்துவரைப் பார்த்ததுமே ரத்த அழுத்தம் ஏறுகிறவர்களுக்கு நாடியும் ஏறும். இரவு ஏழு மணி நேரம் தூங்குகிறவரின் இதயம் அதற்குள் ஏறக்குறைய 25,000 முறை அடிக்கிறது. அத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண எந்த நர்ஸாலும் முடியாது, கைப்பட்டையால் முடிகிறது. இந்தக் கருவியின் உண்மையான பலம் இதுதான். என் குறையெல்லாம் அந்தப் பலத்தை விற்கிறவர்கள் வேறு எதையோ சேர்த்து விற்பதைப் பற்றித்தான்.

ஓய்விலும்கூட பட்டை ஏமாறும் சந்தர்ப்பங்கள் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவில் பயந்துபோய் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறவர்களில் சிலர் இந்த ரகம். இதயத்தின் கீழறைகளிலிருந்து சில நேரம் முந்திரிக்கொட்டையாக ஒரு துடிப்பு முன்னதாகவே வந்துவிடும். அறையில் ரத்தம் நிறையும் முன்பே அது சுருங்கிவிடுவதால் வெளியே தள்ளப்படும் ரத்தம் குறைவு. மணிக்கட்டு வரை அலை வந்து சேராது. சிலருக்கு ஒன்றுவிட்டு ஒன்று இப்படி வரும். ஈசிஜி எடுத்தால் 76 துடிப்பு தெளிவாகத் தெரியும். பட்டை அதில் பாதியைத்தான் பார்க்கும். 38 என்று காட்டி எச்சரிக்கை மணியும் அடிக்கும். பட்டை பொய் சொல்லவில்லை, மணிக்கட்டுக்கு வந்தது 38 அலைதான். ஆனால் இதயம் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது தவறு. வழக்கத்துக்கு மாறான எண் என்பதால் மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுப்பது சரி. பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்குமோ என்று இரவெல்லாம் இணையத்தில் படிப்பது வீண்.

மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ நோயிலும் இதே கதை. சில துடிப்புகள் வலுவாக இருக்கும், சில நாடியாகவே வராது. நாடியை மட்டும் எண்ணினால் குறைவாகக் காட்டும். அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழு நிமிடம் எண்ணுகிறார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கடிகாரங்கள் உருப்படியான வேலை செய்திருக்கின்றன. 2019-ல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள், அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் ஒழுங்கின்மை எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்தபின் நெஞ்சில் ஈசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பியனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு இந்த நோய் உறுதியானது. எண்ணிக்கை வேறு, ஒழுங்கு வேறு. ஒன்றில் தேறியதை வைத்து மற்றொன்றுக்கும் மதிப்பெண் போட முடியாது.

தோல் நிறம் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. தோலுக்குக் கருமை தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். ஆகவே கறுத்த தோலில் திரும்பி வரும் ஒளி குறையும். அலையைப் பிடிப்பது கடினமாகும். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கறுத்த தோலில் பிழை கூடியது. டியூக் சோதனையிலோ தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வுகள் இப்படி முரண்படுகின்றன. இரண்டும் சில பத்துப் பேரை வைத்து அமெரிக்காவில் நடந்தவை. ஆக்ஸிமீட்டர் விஷயத்தில் 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் காட்டியது நினைவில் இருக்க வேண்டும்: கருவி போதுமான ஆக்ஸிஜன் என்று காட்டியபோதும் உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்த நோயாளிகள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. விரலில் மாட்டும் அந்தக் கருவி பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் இருந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கில் விற்ற ஸ்மார்ட்வாட்சைத் தென்னிந்தியத் தோலில் சோதித்தீர்களா என்று விற்பவரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சோதித்துப் பார்த்து, பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வளையலோடு உரசாமல், இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் கட்டியாகிவிட்டது. எண்ணிக்கையும் சரி. அப்புறம் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

பாடப்புத்தகம் 60 முதல் 100 வரை இயல்பு என்கிறது. இந்த வரம்பு எவ்வளவு பொதுப்படையானது என்பதை 2020-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகம் வெளியிட்ட கணக்கு காட்டியது. கைப்பட்டை அணிந்த 92,457 பேரின் தினசரி ஓய்வுநிலைத் துடிப்பை அவர்கள் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் சராசரி 40-லிருந்து 109 வரை பரவியிருந்தது. ஒருவருக்கு இயல்பு என்பது மற்றவருக்கு இயல்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் அது பெரிதாக மாறுவதில்லை. ஐந்தில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வாரத்தில் பத்துத் துடிப்போ அதற்கு மேலோ ஏறி இறங்கியிருக்கிறது. பட்டையின் பயன் இந்த இடத்தில்தான். ஊரோடு ஒப்பிடுவதற்கு அது லாயக்கில்லை. நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிட, அதுவும் அதே கருவியில், அதே கையில் ஒப்பிட, அது நல்ல சாதனம். கருவிக்கு நிரந்தரமாக நான்கு துடிப்பு கூடக் காட்டும் வழக்கம் இருந்தாலும் ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போகும்.

அதே ஸ்கிரிப்ஸ் குழு, ஐந்து அமெரிக்க மாநிலங்களில் 47,249 ஃபிட்பிட் அணிந்தவர்களின் துடிப்பும் தூக்கமும் அவரவர் வழக்கத்தை மீறிய வாரங்களைக் கணக்கிட்டு, ஃப்ளூ காய்ச்சல் பரவுவதை முன்கூட்டி மதிப்பிடுவதை மேம்படுத்த முடியும் என்று காட்டியது. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டவர். நார்வேக்கு விமானத்தில் போகும்போது தன் துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருப்பதையும் ஆக்ஸிஜன் இறங்கியிருப்பதையும் கருவிகளில் பார்த்தார். பிறகுதான் காய்ச்சல் வந்தது. உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று தெரிந்தது. அவர் பார்த்ததும் தன் சொந்த வழக்கத்திலிருந்து விலகலைத்தான். பொது வரம்பை அல்ல.

விலகலுக்கு நோய் மட்டுமே காரணமில்லை. ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறினால் பத்துத் துடிப்பு வரை ஏறலாம். இரவு எட்டு மணிக் கல்யாண விருந்து, அதன்பின் ஒரு பெக், மறுநாள் காலை பட்டையில் தெரியும். மாதவிடாய்க்கு முந்தைய இரு வாரங்களில் பெண்களுக்குத் துடிப்பு இரண்டு மூன்று கூடுவது இயல்பு. கர்ப்பத்தில் பத்துக்கு மேல் கூடும். கத்திரி வெயில் நாளில் கரன்ட் போன இரவும் எண்ணை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு எண் தாழ்ந்தே நிற்கும். அது மாத்திரையின் வேலை, உடல் தகுதியின் அடையாளமல்ல. டைபாய்டில் காய்ச்சலுக்குத் தக்கபடி நாடி ஏறாது என்பது பழைய மருத்துவர்களுக்கு அத்துப்படி. பட்டை இயல்பு என்று காட்டுகிறதே என்று காய்ச்சல்காரரை வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து.

செயலிகள் மாட்டும் அந்தப் பச்சை ‘இயல்பு’ முத்திரைமேல்தான் எனக்கு அதிகக் கோபம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் கூடுதலாக அடித்துத்தான் ஈடுகட்டும். அப்படி 92 துடிப்போடு களைத்துப்போய் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் செயலி சொல்வது, நூற்றுக்குள் இருக்கிறீர்கள், இயல்பு. எண்ணிக்கையில் ஒரு துடிப்புகூடப் பிழையில்லை. அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியவர். பச்சை நிறம் அவரைத் தடுத்துவிட்டது. மறுபக்கம், ‘உங்கள் வயதினரில் நீங்கள் இத்தனை சதவீதம் பேரைவிட மேல்’ என்று தட்டிக்கொடுக்கும் செயலிகளும் உண்டு. அந்த வயதினர் யார், எந்த ஊரார், எந்தக் கடிகாரம் கட்டியவர்கள் என்று ஒரு வரி கிடையாது.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் அதிலும் நாடித்துடிப்பு வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அதையும் பட்டையையும் ஒன்றாகப் பார்க்கலாம். கருவியே இல்லையென்றாலும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு நிமிடம் எண்ணலாம். அசையாமல் இருக்கும்போது ஐந்தாறு துடிப்புக்கு மேல் தொடர்ந்து விலகினால் பட்டை கட்டிய விதத்தையோ, பட்டையையோ, இதயத்தின் ஒழுங்கையோ சந்தேகிக்க வேண்டும். கடைசிச் சந்தேகத்துக்கு மருத்துவர் தேவை. மருத்துவர்களும் ‘இதெல்லாம் சும்மா பொம்மை’ என்று கைபேசியைத் தள்ளிவிடாமல், இன்றைய எண்ணை விட்டுவிட்டு மூன்று மாத வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் செய்தி இருக்கும்.

சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் கணக்கில் 2023-ல் மட்டும் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்வாட்ச்கள் ஐந்து கோடிக்கும் மேல். மறு ஆண்டு மூன்றரைக் கோடி அளவுக்குச் சரிந்தது என்றாலும் கைகளில் இருப்பவை இருக்கவே செய்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ நோக்கத்துக்கான கருவிகள், மென்பொருள்கள் அனைத்தும் நம் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிட்டன. ஆனால் நோக்கம் என்ன என்று சொல்வது தயாரிப்பாளர். ‘உடல்நலப் பழக்கத்துக்கு மட்டும், மருத்துவக் கருவி அல்ல’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் வெளியே நழுவிவிடலாம். அட்டைப் பெட்டியின் முன்பக்கம் ஈசிஜி அலை, இதயப் படம், ஆக்ஸிஜன் சதவீதம். பின்பக்கம் அந்தப் பொடி எழுத்து. காய்கறிக்கடைத் தராசுக்கு முத்திரை போட அலுவலர் வருகிறார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும் எடையளவுச் சட்டத்தில் விதி உண்டு.

கடிகாரங்களை மருத்துவக் கருவியாக்கி ஒவ்வொன்றுக்கும் உரிமம் கொடு என்று நான் கேட்கவில்லை. அது விலையை ஏற்றும், புதியவற்றை முடக்கும். பெட்டியின் வெளிப்புறத்தில், வாங்குகிறவரின் மொழியில், சில தகவல்களைக் கட்டாயமாக்கினால் போதும். ஓய்வுநிலைத் துடிப்பு எந்த நேரத்து அளவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. விளக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எரிகிறது. ஈசிஜியோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது சராசரிப் பிழை எத்தனை துடிப்பு, எத்தனை பேரிடம், எந்தெந்தத் தோல் நிறத்தவரிடம். இவை நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டிய தகவல்கள். இல்லை என்றால் அந்தப் பொருளை இதயத் துடிப்புக் கருவி என்று விற்பதற்கே தகுதி இல்லை. மென்பொருள் புதுப்பிப்பில் கணக்கு விதியை மாற்றினால் அதையும் திரையில் தெரிவிக்க வேண்டும். ஓர் இரவில் பயனரின் மூன்றாண்டு வரைபடம் அர்த்தமிழப்பதை அவர் அறியாமலே நடத்துவது முறையல்ல.

இதில் அவசரம் ஏன் என்றால், அடுத்த வாடிக்கையாளர் காப்பீட்டுத் துறை. அமெரிக்காவில் ஜான் ஹான்காக் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 2018-லேயே தன் புதிய பாலிசிகள் அனைத்தோடும் கைப்பட்டைத் தகவலை இணைக்கும் திட்டத்தை வைத்துவிட்டது. இங்கேயும் நடக்கும் அடிகளைக் கணக்கிட்டு மருத்துவக் காப்பீட்டில் சலுகை தரும் திட்டங்கள் வந்துவிட்டன. அடி எண்ணிக்கைக்குப் பின்னால் துடிப்பு வர அதிக காலம் ஆகாது. சலுகையாகத் தொடங்குவது, தகவல் தராதவர்களுக்கு அபராதமாக முடிவது இந்தத் துறையில் புதிதில்லை. தூக்கத்தைச் சேர்த்துக் கணக்கிடும் கருவி கட்டியவருக்கு 54, சேர்க்காத கருவி கட்டியவருக்கு 63. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு 92, மெட்டோபுரோலால் சாப்பிடுகிற அவள் கணவனுக்கு 57. இந்த நான்கு எண்களை ஒரே அட்டவணையில் போட்டுப் பிரீமியம் நிர்ணயிக்க எந்த நிறுவனத்தையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கக் கூடாது. அந்த விதியை, யாராவது விண்ணப்பத்தோடு வந்து நிற்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.